தாசில்தார் வேதகிரியின் நூற்றுப் பதினெட்டாவது சாவு

தாசில்தார் வேதகிரி தன்னுடைய நூற்றுப் பதினெட்டாவது சாவில் நிஜமாகவே செத்துப்போனார் என்கிற விஷயம், அன்று சாயங்காலக் காபிக்கு முன்னாலேயே சாலிகிராமத்தில் அவர் குடியிருந்த தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது; தெரியப்படுத்தியவரும் அவரேதான். ஷூட்டிங் முடிந்து ஆட்டோவில் வந்து இறங்கி, செருப்பை வாசலில் விட்டு, கை கால் கழுவிக்கொண்டு, ஊஞ்சலில் உட்கார்ந்து தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துவிட்டு, மனைவி திரிபுரசுந்தரியிடம் காபி வேண்டாம் என்று சொன்னார். நாற்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் அவர் காபி வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை என்பதால், அந்த அம்மாளுக்கு அப்போதே பாதி புரிந்துவிட்டது.

அவர் எந்தக் காலத்திலும் தாசில்தாராக இருந்தவர் இல்லை. திருக்கழுக்குன்றத்திலிருந்து சென்னைக்கு வந்து ஒரு நாடகக் கம்பெனியில் சேர்ந்து, மகளுக்கு வரன் தேடி அலைகிற ஒரு தாசில்தாராக அறுநூறு மேடை ஏறியதில் அந்த உத்தியோகம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பிறகு சினிமா வந்தது. நாற்பத்து நாலு படத்தில் இன்ஸ்பெக்டர், இருபத்தொன்பது படத்தில் ஜட்ஜ், ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்து வந்து கண்ணாடியைக் கழற்றுகிற டாக்டராகப் பதினாறு படம், ஒரே வருஷத்தில் ஒரே கதாநாயகிக்கு அப்பாவாகவும் மாமனாராகவும் மதம் மாற்றிவைக்கிற பாதிரியாராகவும் மூன்று படம். எந்த வேஷம் கொடுத்தாலும் பிய்த்து உதறுவார் என்று எல்லோரும் சொன்னார்கள், பெயர்தான் யாருக்கும் ஞாபகம் வராது. பஸ்ஸில் பார்த்தால் "நீங்க அவருதானே" என்பார்கள், இவரும் ஆமாம் என்பார், அதோடு சரி.

வேஷம் கலைத்துவிட்டு வீட்டுக்கு வருகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஜட்ஜாக நடித்த மாதங்களில் மத்தியானச் சாப்பாட்டை மூன்றரை மணிக்கு ஒத்திவைத்தார். ஊமையாக நடித்தபோது இருபத்து மூன்று நாள் வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. வரதட்சணை கேட்கிற சம்பந்தியாக நடித்த மாதத்தில் திரிபுரசுந்தரியின் குழம்பையும் நடையையும் பிறந்த வீட்டையும் விடாமல் பழித்து, அவள் பொறுக்கமாட்டாமல் அழுதபோது, அழுகை நன்றாக வந்திருக்கிறது, மூக்கைச் சிந்தாதே, அப்படியே இரு என்று சொல்லிவிட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டார். முந்நூற்றுச் சொச்சம் ஆண்களோடு குடும்பம் நடத்திய பதிவிரதை என்று அந்தத் தெருவில் அவளைக் கேலி செய்வார்கள். அடுப்படியில் இருந்தபடியே, கூடத்தில் சிரிப்பது வட்டிக்கடைக்காரனா, மந்திரியா, பைத்தியமா என்று அவளால் சொல்லிவிட முடியும். அதில் அவளுக்குப் பெருமை எதுவும் இல்லை, களைப்புதான் இருந்தது.

சாவு எப்படி நடந்தது என்றால், சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பாடையில் பிணமாகப் படுத்தவர் யாராக இருந்தாலும், ஷாட் ஓகே ஆனதும், முகத்தில் பூசியதைத் துடைப்பதற்கு முன்பு, எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும், அதைப் படம் பிடிக்க வேண்டும், அப்புறம் பூசணிக்காய் உடைக்க வேண்டும். செத்தது வேஷம்தான், ஆள் இல்லை என்று சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிவிக்கிற ஏற்பாடு அது. பிலிம் சுருளை முழம் போட்டுச் செலவழித்த கஞ்சத் தயாரிப்பாளர்கள்கூட அந்தச் சிரிப்புக்கு மட்டும் கணக்குப் பார்த்ததில்லை. நூற்றுப் பதினேழு தடவை வேதகிரிக்கு அது முறையாக நடந்தது. நூற்றுப் பதினெட்டாவது தடவை, டைரக்டர் நிகேதன் கட் சொன்ன அந்த நிமிஷம், பாடைக்குப் பக்கத்தில் அழுத கதாநாயகனுக்குத் தன் கண்ணீர் சரியாகத் தெரிந்ததா என்று சந்தேகம் வந்துவிட்டது. அவர் மானிட்டரைப் பார்க்க ஓடினார், அவருக்குப் பின்னால் நிகேதன் ஓடினார், கேமராமேன் ஓடினார், குடை பிடிக்கிறவர் ஓடினார், பூசணிக்காய் வைத்திருந்தவரும் பூசணிக்காயோடு ஓடினார், கண்ணீர் அற்புதம் என்று எல்லோரும் கை தட்டினார்கள், அந்தச் சந்தோஷத்தில் சாப்பாட்டு பிரேக் விட்டுவிட்டார்கள். பாடையில் கிடந்தவர் கால் கட்டைவிரல் கட்டைத் தானே அவிழ்த்து, நெற்றிக் காசைத் தானே எடுத்துக்கொண்டு, பந்தியில் போய் உட்கார்ந்தார். சோறு தொண்டையில் இறங்கவில்லை.

தெருக்கோடி டாக்டர் வந்து பார்த்து, நாடி இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, மத்தியானம் ஒரு மணி வாக்கில் போயிருக்கிறார் என்று சொன்னார். சர்க்கரை மாத்திரையை இனிமேல் நிறுத்திவிடலாம் என்றும், கால் வீக்கம் இருந்தால் மட்டும் வந்து காட்டச் சொல்லியும் சீட்டு எழுதிக் கொடுத்தார். எதிர்வீட்டு மேக்கப்மேன் பொன்னுரங்கம் ஐம்பது வருஷமாகப் பிணங்களுக்கு வெளிறல் பூசுகிறவர். அவருக்குத்தான் விவரம் தெரியும்.

"பயப்படாத அண்ணி," என்றார் திரிபுரசுந்தரியிடம். "வுட்டுப்போன சிரிப்ப எடுத்துட்டா அண்ணன் எழுந்துக்குவாரு. அதே கேமரா, அதே டைரக்டரு. ஆனா படம் ரிலீசாவறதுக்குள்ள எடுத்துடணும். ஜனங்க பாத்துட்டாங்கன்னா அப்பால இந்தச் சாவு நெலச்சு நின்னுடும்."

படம் ரிலீசாக இன்னும் நாலு மாதம் இருந்தது. நாலு மாதம் கொஞ்ச நாளா என்று எல்லோரும் சமாதானம் ஆனார்கள்.

நல்லது கெட்டதுகளில் அந்தத் தெருவுக்குக் குறை வைத்துப் பழக்கம் இல்லை. ஷாமியானா வந்தது, பறைமேளம் வந்தது, ஐஸ் பெட்டியும் வந்தது. உள்ளே படுக்க வேண்டியவர் மறுத்துவிட்டதால், வந்த பெட்டியைத் திருப்பி அனுப்புவானேன் என்று வருகிறவர்களுக்கான நீர்மோர்ப் பானைகளை அதில் வைத்தார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு எந்த போட்டோ என்பதை வேதகிரியே தேர்ந்தெடுத்தார்: இன்ஸ்பெக்டர் படம், இடது பக்கத் தோற்றம். மாலையோடு வந்தவர்கள் எங்கே வைப்பது என்று முழித்தபோது கழுத்தை நீட்டினார். நடிகர் சங்கத்தில் இரண்டு நிமிஷ மௌனம் அனுசரித்தபோது அவரும் எழுந்து நின்றார், எல்லோரையும்விட அசையாமல் நின்றார், நன்றியுரையும் அவரே சொன்னார். நாற்பது படத்தில் கூட நடித்தும் அவர் பெயரைத் தெரிந்துகொள்ளாத கதாநாயகன் டிவியில் அவரைத் தன்னுடைய இரண்டாவது தகப்பனார் என்று சொல்லி விம்மினார். ஈடு செய்ய முடியாத இழப்பு என்றார்கள், இந்த மாதிரி இன்னொரு நடிகன் இனிப் பிறக்கப்போவதில்லை என்றார்கள், ஒவ்வொரு சேனலாக மாற்றி மாற்றி வேதகிரி அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தபோது நாற்பது வருஷமாக வாக்காளர் பட்டியலில் விட்டுப்போயிருந்த அவர் பெயர், அடுத்து வந்த இடைத்தேர்தலில் சரியாக இருந்தது. காலையில் எட்டு மணிக்குள் அவர் ஓட்டு போடப்பட்டும் விட்டது.

வாய்ப்புகள் கொட்டின. வியர்க்காத முகம், பசிக்காத வயிறு, வெயில் மழை தெரியாத உடம்பு. டச்சப்பும் வேண்டாம், கேரவனும் வேண்டாம். பேய்ப் படக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். மறைந்த நடிகர் வேதகிரி நேற்று பொள்ளாச்சியில் படப்பிடிப்பில் கலந்துகொண்டார் என்று பத்திரிகையில் வந்தது. மறைந்த என்கிற வார்த்தை எந்தப் பட்டத்தையும்விட அவர் பெயருக்கு எடுப்பாகப் பொருந்தியது. தெருவில் அவரைப் பார்த்து யாரும் இப்போது "நீங்க அவருதானே" என்று கேட்பதில்லை, முழுப் பெயரும் சொல்லிக் கும்பிட்டார்கள். பாவம், மனுஷன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

இவ்வளவு நேர்த்தியாகக் காரியம் செய்த தெருவுக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தீர்மானத்துக்கு வர முடியவில்லை. திரிபுரசுந்தரியை என்ன செய்வது என்று தெரியவில்லை. புருஷன் செத்தது சத்தியம். அவன் காலையில் கிளம்பி ஷூட்டிங் போவதும் சத்தியம். பூக்காரி இரண்டு முழம் அளந்துவிட்டு, கிள்ளாமல் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள். பொன்னுரங்கத்தின் மகளுக்கு வளைகாப்பு வந்தது. வீடு தேடி வந்து அழைத்தார்கள், முன்வரிசையில் உட்காரவைத்தார்கள், வளையல் தட்டு அவளுக்கு முன்னால் வந்ததும் லேசாக உயர்ந்து அவள் தலைக்கு மேலாகப் பக்கத்துப் பெண்ணிடம் போய்விட்டது. கிளம்பும்போது தாம்பூலப் பை கொடுத்தார்கள், குங்குமம் கொடுக்கவில்லை. யாருக்கும் அவள் மேல் கோபம் இல்லை. எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள், அந்த அன்புதான் அவளுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து, ஊஞ்சலில் இருந்த வேதகிரிக்கு எதிரே நின்றாள்.

"நான் இப்ப யாருங்க?" என்று கேட்டாள்.

சங்கத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார் வேதகிரி. கேட்கவும் செய்தார். சங்கச் செயலாளர் குணவழகன் சட்டதிட்டப் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டிவிட்டு அதற்கு விதி இல்லை என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவள் தினமும் காலையில் ஒரு தடவை, அந்தச் சிரிப்பைப் போய்ச் சிரித்துவிட்டு வாருங்கள் என்று சொன்னாள். இவரும் இன்றைக்கு, நாளைக்கு, பொள்ளாச்சி முடியட்டும், அடுத்த பேய் முடியட்டும் என்று கிட்டத்தட்ட நாலு மாதத்தையும் ஓட்டிவிட்டார். கடைசியில் பொன்னுரங்கமே நிகேதனுக்கு போன் போட்டார். நிகேதன் நல்ல பிள்ளை. ஐயையோ, மறந்தே போச்சு சார் என்று மன்னிப்புக் கேட்டு, புதன்கிழமை காலை பத்து மணிக்கு அதே கேமராவோடு வருவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை படம் ரிலீஸ்.

திங்கட்கிழமை குணவழகன் சால்வையோடு வந்தார். இந்த வருஷத்து நடிப்புச் சிகரம் விருது வேதகிரிக்கு என்று ஒன்பது பேர் கமிட்டி ஒரு மனதாக முடிவு செய்திருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை காலை விழாவாம், மந்திரி வருகிறாராம், நேரடி ஒளிபரப்பாம். வேதகிரி எழுந்து நின்றுவிட்டார். அந்த விருதை வாங்கி என்ன பேசுவது என்று முப்பது வருஷமாகக் குளியலறையில் ஒத்திகை பார்த்தவர் அவர். வெளியே துண்டோடு காத்திருந்து காத்திருந்து அந்தப் பேச்சு திரிபுரசுந்தரிக்கும் மனப்பாடம்.

குணவழகன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு சின்ன விஷயம் சார். இப்பல்லாம் இது மறைந்தவங்களுக்கு மட்டும்தான். உயிரோட இருக்கறவங்களுக்குக் குடுத்தா மத்தவங்க வருத்தப்படுறாங்க. புதன்கிழமை ஏதோ சிரிக்கப்போறீங்கன்னு கேள்விப்பட்டேன். சிரிங்க, உங்க இஷ்டம். அடுத்த பேரு ரெடியாத்தான் இருக்கு."

அப்புறம் கதவோரம் நின்ற திரிபுரசுந்தரியைப் பார்க்காமல், விருதை வாங்கிக்கொள்வது அம்மாதான் என்றார். மறைந்தவர் தாமே வந்து வாங்கிக்கொள்வது மரபு இல்லை, முன்வரிசையில் உட்காரலாம். அம்மா மட்டும் பூ, பொட்டு இல்லாமல், வெள்ளையாக ஏதாவது கட்டிக்கொண்டு வந்தால் பார்க்கிறவர்களுக்குக் குழப்பம் இருக்காது என்றார். வேதகிரி சால்வையைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார். அவர் சொல்லாததை அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

புதன்கிழமை பத்து மணிக்குப் பாடை மறுபடி கட்டப்பட்டது. பொன்னுரங்கம் அதே வெளிறலைப் பூசினார், கால் கட்டைவிரல்களைக் கட்டினார், நெற்றியில் காசு வைத்தார். நிகேதன் பயபக்தியோடு நின்றார், பூசணிக்காய் மானிட்டர் பக்கம் போகாதபடி இரண்டு பேர் காவல் இருந்தார்கள். வேதகிரி எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்தார். நூற்றுப் பதினேழு தடவை சிரித்த அந்தச் சிரிப்பு, எந்த வேஷத்துக்கும் கொடுக்காமல் மிச்சம் வைத்திருந்த அந்த ஒற்றைச் சிரிப்பு, உதட்டுக்கு வந்துவிட்டது. கேமராவுக்குப் பின்னால் திரிபுரசுந்தரி முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்பதும் தெரிந்தது. அவளுக்காகச் சிரித்துவிட வேண்டும் என்று மனசார நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. சிரித்தார்.

எல்லோரும் கை தட்டினார்கள், பூசணிக்காய் உடைந்தது, பொன்னுரங்கம் ஓடிவந்து நாடியைப் பிடித்தார், நாடி இல்லை. இன்னொரு தடவை எடுக்கலாமா என்று நிகேதன் கேட்டார். விதி அவ்வளவுதான் தம்பி என்று வேதகிரி இல்லாத கண்ணாடியைக் கழற்றினார், அது அந்த டாக்டர் செய்வது. அங்கிருந்த லைட்மேன்கள்கூட மூக்கை உறிஞ்சினார்கள்.

ஆட்டோ வடபழனி தாண்டியதும் திரிபுரசுந்தரி சொன்னாள்.

"அது அந்தப் போலி ஜோசியக்காரன் சிரிப்புங்க."

"எது?"

"இப்ப சிரிச்சீங்களே, அது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி மூணு வாரம் வீட்டுல சிரிச்சீங்க."

அவர் வெளியே பார்த்தார். மறுக்கலாமா என்று பார்த்தார், அதற்கு ஏற்ற முகம் ஒன்றும் அந்த நேரத்துக்கு அகப்படவில்லை. கடைசியில் அவள் கையைப் பிடித்தார். சில்லென்று இருந்தது என்று அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

"ஞாயித்துக்கெழமை ஒரு மூணு மணி நேரம்தான் திரிபுரம். ஒரு வேஷம்னு நெனச்சுக்கயேன்."

"வேஷம்னா முடிஞ்சதும் கலைச்சுடலாம் இல்ல?"

"கலைச்சுடலாம்."

"சரி," என்றாள்.

வெள்ளிக்கிழமை படம் வந்தது. வேதகிரி சாகிற இடத்தில் தியேட்டரே எழுந்து நின்று விசிலடித்தது, ஜனங்கள் பார்த்துவிட்டார்கள், சாவு நிலைத்து நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, முன்வரிசையில் மாலை போட்ட போட்டோவுக்குப் பக்கத்து நாற்காலியில் வேதகிரி உட்கார்ந்திருந்தார். மந்திரி, மறைந்தவர் தனக்கு நெருங்கிய நண்பர் என்று அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். திரிபுரசுந்தரி வெள்ளைப் பருத்திப் புடவையில், வெறும் நெற்றியோடு மேடை ஏறினாள். கண்ணீருக்குக் கிளிசரின் வேண்டுமா என்று குணவழகன் ஓரமாகக் கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். கனமான கேடயத்தை வாங்கி இடுப்பில் குழந்தைபோல் இடுக்கிக்கொண்டு மைக் முன்னால் நின்றாள். குளியலறைப் பேச்சு அவளுக்கு வரி விடாமல் தெரியும் என்பதால், அதைத்தான் சொல்லப்போகிறாள் என்று வேதகிரி முதல் வரியை வாய்க்குள் எடுத்துக் கொடுத்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"இவரு எப்ப செத்தாருன்னு எல்லாரும் கேக்கறாங்க. எனக்குச் சரியாத் தெரியலை. எங்க வீட்டுக்கு நெறைய பேர் வந்தாங்க. ஜட்ஜு வந்தாரு, இன்ஸ்பெக்டரு வந்தாரு, ஊமை ஒருத்தர் வந்தாரு. எல்லாருக்கும் சமைச்சுப் போட்டேன். இவரு எப்பவாவது வருவாரு, வந்தா ரெண்டு வார்த்தை பேசணும்னு வெச்சிருந்தேன். புதன்கிழமை வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டாரு. அன்னிக்குத்தான்னு நெனைக்கிறேன்."

அரங்கம் குலுங்கி அழுதது. கதாநாயகன் மானிட்டரை நினைக்காமல் அழுதார். மூன்றாவது வரிசையிலிருந்த ஒரு தயாரிப்பாளர் அந்த அம்மாவின் போன் நம்பர் கிடைக்குமா என்று பக்கத்தில் கேட்டார். வேதகிரிக்கு முதலில் வந்தது பெருமைதான்: என்ன இடைவெளி விடுகிறாள், என்ன தணிவு, நாற்பத்தோரு வருஷம் கூடவே இருந்து பிடித்துக்கொண்டுவிட்டாளே என்று. கண்ணில் கிளிசரின் இல்லாதது அதற்கப்புறம்தான் அவர் நினைவுக்கு வந்தது. அந்த இடத்தில் அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அவள் மேடையை விட்டு இறங்கி ஒப்பனை அறைக்குப் போனாள். முகம் கழுவினாள். கைப்பையிலிருந்த மெரூன் புடவையைக் கட்டினாள், வாழையிலையில் சுற்றிவைத்திருந்த மல்லிகையை வைத்துக்கொண்டாள், பெரிதாகப் பொட்டு வைத்தாள். வெளியே வந்து, பத்திரிகைக்காரர்களில் பெரிய கேமரா வைத்திருந்தவரைத் தேடிப் பிடித்து, ஒரு படம் எடுங்கள் என்று சொல்லி எதிரே நின்றாள். பொன்னுரங்கத்துக்குச் சட்டென்று புரிந்தது. பூசணிக்காய் வாங்க ரோட்டைத் தாண்டி ஓடினார். திரிபுரசுந்தரி கேமராவைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

வரவேற்பில் நின்ற பெண்கள், காலையில் அவளைக் கண்டதும் தட்டைப் பின்னால் மறைத்தவர்கள், இப்போது தாங்களாகவே வந்து குங்குமத்தை நீட்டினார்கள். புருஷன் செத்தது செத்ததுதான், இந்த அம்மாள் விதவை இல்லை, இரண்டும் சரி என்பது அங்கிருந்த ஒருத்தருக்கும் சிக்கலாகப் படவில்லை. அவளுடைய வேஷம் முடிந்துவிட்டது, முறையாகக் கலைத்தும் ஆகிவிட்டது.

வேதகிரி தூணோரம் நின்று அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் பார்த்திராத சிரிப்பு. ரொம்ப நல்ல சிரிப்பு. எந்த வேஷத்துக்கு ஆகும் என்று யோசித்தபடி, பழக்க தோஷத்தில் உதட்டின் ஓரத்தை அதே மாதிரி தூக்கிப் பார்த்தார்; கன்னம் வந்தது, கண் வரவில்லை. மறுபடி செய்து பார்த்தார். அதற்குள் அவள் எதிரே வந்து கேடயத்தை அவர் இரண்டு கையிலும் பத்திரமாக வைத்து, "இந்தாங்க, உங்களுது," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

வாசலில் பூசணிக்காய் உடைகிற சத்தம் கேட்டது. ஆட்டோக்காரர் மீட்டரைத் தட்டிவிட்டு, பின்னால் கேடயத்தோடு நிற்கிறவரை எட்டிப் பார்த்தார்.

"சாரும் வர்றாராம்மா?"

"இல்லப்பா," என்றாள் திரிபுரசுந்தரி. "நான் ஒருத்திதான்."